பெண்களும் தேர்தல் அரசியலும், ஊராட்சி மன்றம் முதல் நாடாளுமன்றம் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளரும் நாடுகளில் பெண்களின் முன்னேற்றம் பற்றிப் பேசும்போது கல்வி, வேலை, உடல்நலம் ஆகியவற்றுக்குப் பிறகே தேர்தல் அரசியலுக்கு முறை வருகிறது. ஆனால் குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போகும், பள்ளிக்கூடம் எங்கே அமையும், மதுக்கடை எங்கே திறக்கப்படும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் இடத்தில் பெண்கள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தே மற்றவையும் அமைகின்றன. இந்திய உள்ளாட்சி அனுபவத்தை, குறிப்பாகத் தமிழ்நாட்டில் நடந்ததை, நடுவில் வைத்து, பிற நாடுகளைத் தேவையான இடங்களில் சேர்த்துக்கொண்டு, இந்தப் பக்கம் வழக்கமாக எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது.

வாக்களிப்பதில் பெண்கள் ஆண்களுக்கு நிகராக வந்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

இந்தியாவைப் பொறுத்தவரை உண்மை. 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. வீடு வீடாக வந்தவர்களிடம் அவர்கள் தம் பெயரைச் சொல்லாமல், இன்னாருடைய மனைவி என்றோ இன்னாருடைய மகள் என்றோ மட்டும் பதிந்திருந்தார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்க முடியாது என்பதில் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். அந்த முறை அத்தனை பெண்கள் வாக்கை இழந்தது பெரிய இழப்புதான்; ஆனாலும் பெண்ணைத் தனி ஆளாகப் பதிய வேண்டும் என்ற விதியை அரசு முதல் தேர்தலிலேயே விட்டுக்கொடுக்காதது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

1962 மக்களவைத் தேர்தலில் ஆண்களில் சுமார் 63 விழுக்காட்டினர் வாக்களிக்க, பெண்களில் 47 விழுக்காட்டினரே வாக்களித்தனர். 2019-இல் பெண்கள் முதன்முறையாக ஆண்களை நூலிழையில் முந்தினார்கள். 2024-இலும் அந்த நிலை தொடர்ந்தது. பீகாரில் 2015 சட்டமன்றத் தேர்தலில் பெண்களில் 60 விழுக்காட்டினருக்கு மேல் வாக்களித்தபோது ஆண்களின் விழுக்காடு 53-ஐ ஒட்டியே இருந்தது. வேலை தேடி வெளிமாநிலம் போன ஆண்களின் பெயர்கள் பட்டியலில் இருப்பதும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

எல்லா நாடுகளிலும் இதே நிலை இல்லை. பாகிஸ்தானின் 2017 தேர்தல் சட்டப்படி, ஒரு தொகுதியில் பதிவான வாக்குகளில் பெண்களின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தத் தேர்தலைத் தேர்தல் ஆணையம் செல்லாததாக அறிவிக்கலாம். 2018-இல் கைபர் பக்துன்குவா மாகாணத்தின் ஷாங்லா பகுதியில் ஒரு தொகுதியின் முடிவு இந்த விதியின்படி ரத்தாகி மறுதேர்தல் நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசிப் பெண்களை வீட்டிலேயே நிறுத்திவைக்கும் பழக்கத்துக்கு இதைவிட நேரடியான சட்ட பதில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்திய உள்ளாட்சிகளில் பெண்களுக்கான இடஒதுக்கீடு எப்படி வந்தது?

கர்நாடகம் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 25 விழுக்காடு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கி, 1987-இல் தேர்தலும் நடத்தியது. அந்த அனுபவம் முன்னால் இருந்ததால்தான் நாடு முழுவதற்குமான சட்டம் சாத்தியமானது. 1989-இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த அரசியலமைப்பின் 64-ஆவது திருத்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புறத்துக்கு 74-ஆவது திருத்தம் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு என்பது அரசியலமைப்பின் விதி. உறுப்பினர் இடங்களோடு நிற்காமல் தலைவர் பதவிகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஒதுக்கிய இடங்களுக்கு உள்ளேயும் அந்தப் பங்கு பொருந்தும்.

பீகார் 2006-இல் இதைப் பாதியாக உயர்த்தியது. தமிழ்நாடு 2016-இல் 50 விழுக்காடு என்று சட்டம் திருத்தியது. இன்று நாடு முழுவதும் உள்ளாட்சிகளில் சுமார் 14 லட்சம் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் உடனே பயன் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது; அறிவிக்கப்பட்ட தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல், அரசு நியமித்த தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரிலும், மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் தள்ளிப்போவதால் எல்லோருக்கும் இழப்புதான் என்றாலும், கட்சிப் பதவியோ ஒப்பந்தத் தொழிலோ கையில் உள்ள ஆணுக்கு ஊரில் வேறு செல்வாக்கு இருக்கும். ஊராட்சி வழியாக மட்டுமே பொதுவாழ்வுக்கு வந்த பெண்ணுக்கு அந்த ஒரே வாசலும் அடைபடுகிறது.

பெயருக்குத்தான் பெண் தலைவர், ஆட்சி நடத்துவது கணவர் என்கிறார்களே?

பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. கிராம சபைக் கூட்டத்தில் நடுநாற்காலியில் தலைவர் அமர்ந்திருப்பார். தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் எழுந்து கேட்டதும் பின்னால் நிற்கும் கணவர் பதில் சொல்வார். ஊராட்சிச் செயலர் தீர்மானப் பதிவேட்டைக் கணவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துக்குத் தலைவரிடம் நீட்டுவார். வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து வரும் அழைப்பும் பெரும்பாலும் கணவரின் எண்ணுக்கே போகும், ஏனென்றால் பதவியேற்ற அன்று கொடுக்கப்பட்ட எண் அதுவாகவே இருக்கும். இந்தப் பழக்கத்தை ஆராய மத்திய ஊராட்சி அமைச்சகம் 2023-இல் ஒரு குழுவை அமைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதன் பரவல் தெரிகிறது.

ஆனாலும் இந்தக் குற்றச்சாட்டை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. பணக்கார ஒப்பந்தக்காரரின் ஆளாகத் தலைவரான ஆண்கள் இல்லையா? தேர்தலுக்கு முன்பே தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்டு, அதிகத் தொகை தந்தவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. அது சட்ட விரோதம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்க வேண்டியிருந்தது. அப்படி வந்த ஆண்களை யாரும் பொம்மைத் தலைவர் என்று அழைப்பதில்லை.

கணவரின் பிடி தளர்வது பெரும்பாலும் மெதுவாகத்தான் நடக்கிறது. முன்பே மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்து, வங்கி மேலாளரிடம் பேசி, கணக்கு எழுதிப் பழகிய பெண்ணுக்கு அந்தப் பிடி முதலிலிருந்தே குறைவு. தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பிலிருந்து உள்ளாட்சிக்கு வந்த பெண்கள் ஏராளம். மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளேனும் தேவைப்படுகின்றன. ஒதுக்கீடு ஊர் விட்டு ஊர் மாறும் சுழற்சி முறையில் அடுத்த தேர்தலில் அந்த இடம் பொதுவாகிவிட்டால், கற்றுக்கொண்டது எல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது.

பெண் தலைவர் வந்தால் ஊரில் என்ன மாறுகிறது என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. எந்த ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்பது ஊரின் விருப்பப்படி அமையாமல் விதிப்படி சுழன்று வருவதால், ஒதுக்கப்பட்ட ஊரையும் ஒதுக்கப்படாத ஊரையும் நேர்மையாக ஒப்பிட முடிகிறது. ராகவேந்திர சட்டோபாத்யாயவும், பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்தின் வீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்திலும் அப்படி ஒப்பிட்டு 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு இடங்களிலும் பெண் தலைவர்கள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டிருந்தார்கள். சாலை விஷயத்தில் இரண்டு மாவட்டங்களும் வேறுபட்டன: சாலை வேண்டும் என்று பெண்களும் கேட்ட மேற்கு வங்கத்தில் பெண் தலைவர்கள் சாலைக்கு அதிகமாகவும், அந்தக் கோரிக்கை ஆண்களிடமிருந்தே வந்த ராஜஸ்தானில் குறைவாகவும் செலவிட்டார்கள். பெண்கள் எதைக் கேட்டார்களோ அது நடந்தது. கணவர்தான் எல்லாவற்றையும் நடத்துகிறார் என்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

இதே வீர்பூமில் பின்னர் நடந்த ஆய்வு இன்னும் ஆழமாகப் போகிறது. ஒரே அரசியல் உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராம மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரைப் பார்த்தே இராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். பெண் தலைவரின் ஆட்சியைப் பார்த்த ஊர்களில் அந்த வேற்றுமை பெருமளவு மறைந்திருந்தது. இரண்டு முறை தொடர்ந்து பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் போட்டியிடுவதும் வெல்வதும் கூடியிருந்தன. 2012-இல் வெளியான மற்றொரு முடிவு என் மனத்தை விட்டு அகலாதது: அதே ஊர்களில் பெற்றோர் தம் மகளைப் பற்றிக் காணும் கனவுக்கும் மகனைப் பற்றிக் காணும் கனவுக்கும் இடையிலான இடைவெளி கால் பங்கு குறைந்திருந்தது, பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரமும் குறைந்திருந்தது. இந்த மாற்றங்கள் ஒரு பதவிக்காலத்தில் வரவில்லை. இரண்டு பதவிக்காலம் கண்ட ஊர்களில் வந்தன.

பட்டியல் சாதிப் பெண்கள் தலைவரானால் நிலைமை எப்படி?

இங்கே சட்டமும் நடைமுறையும் மிகத் தொலைவில் இருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் தேர்தலையே முறையாக நடத்த விடவில்லை. அதன் பிறகும் அவமதிப்பு வேறு வடிவங்களில் தொடர்ந்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் வெளியாகி நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைத் தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுத்தார்கள். செய்தி பரவிய பிறகு மாவட்ட நிர்வாகம் தலையிட்டு அவரையே ஏற்றவைத்தது.

வெளியே தெரியாத தடை காசோலையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்குப் போனாலும், துணைத் தலைவர் வார்டு உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுவதால் பெரும்பாலும் ஊரின் ஆதிக்கச் சாதியிலிருந்தே வருகிறார். அவர் கையெழுத்தை நிறுத்தி வைத்தால் தூய்மைப் பணியாளரின் சம்பளம் முதல் மோட்டார் பழுதுபார்ப்பு வரை நின்றுபோகும். ஊர் மக்கள் திட்டுவது தலைவரைத்தான். தலைவரிடம் யாரும் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, ஆனால் நிர்வாகம் அசையாது. இரண்டாம் கையெழுத்து இத்தனை நாளுக்குள் வராவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலர் கேள்வி கேட்க வேண்டும் என்று கால வரம்பு வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும் என்பது என் கருத்து.

படித்த பெண்கள் மட்டும் போட்டியிடலாம் என்று விதி வைத்தால் நல்லதுதானே?

ஹரியானா 2015-இல் அப்படி வைத்தது. பெண்களுக்கு எட்டாம் வகுப்பும், சில பதவிகளுக்குப் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பும் தேவை என்றது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அதை ஏற்றது. ராஜஸ்தானும் இத்தகைய விதியைக் கொண்டுவந்து 2019-இல் கைவிட்டது. பள்ளிக்கூடம் கட்டித்தராத அரசு, பள்ளிக்குப் போகாத பெண்ணைத் தண்டிக்கும் விதி இது. மக்களவை உறுப்பினருக்கோ அமைச்சருக்கோ இந்த நாட்டில் படிப்புத் தகுதி இல்லை.

உள்ளாட்சியில் பாதிப் பேர் பெண்கள். சட்டமன்றத்தில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

2021 தேர்தலில் தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 இடங்களில் 12 பெண்களே வென்றார்கள். வாக்காளர் பட்டியலில் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக இருக்கும் மாநிலம் இது. 2024-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் 74 பேர், அதாவது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. 2019-இல் 78 பேர் இருந்தார்கள்.

வாக்காளர்கள் பெண்களுக்கு வாக்களிப்பதில்லை என்று கட்சிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2019-இல் ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் 21 மக்களவை இடங்களில் ஏழில் பெண்களை நிறுத்தியது. ஐந்து பேர் வென்றார்கள். மேற்கு வங்கத்தில் திரிணமூல் காங்கிரஸ் 42-இல் 17 இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. ஒன்பது பேர் வென்றார்கள். வெல்லக்கூடிய கட்சி வெல்லக்கூடிய தொகுதியைக் கொடுத்தால் பெண்கள் வெல்கிறார்கள். தமிழ்நாட்டில் நாம் தமிழர் கட்சி 2021-இல் பாதித் தொகுதிகளில் பெண்களை நிறுத்தியது பாராட்டுக்குரியது. ஆனால் அந்தக் கட்சி ஓர் இடத்திலும் வெல்லாததால் அந்த 117 வேட்பாளர்களில் எவரும் சபைக்குள் போகவில்லை. வெல்லும் வாய்ப்புள்ள கட்சிகளோ சீட் கொடுக்கும்போது மாவட்டச் செயலாளரின் கணக்கையும், செலவு செய்யும் திறனையும், சாதி எண்ணிக்கையையும் பார்க்கின்றன. பத்து ஆண்டு ஊராட்சித் தலைவராக இருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெண் அந்தப் பட்டியலில் எந்த வரிசையிலும் வருவதில்லை.

இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. சென்னை மாகாணம் 1921-இலேயே, சொத்துத் தகுதியுடன், பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. 1926-இல் கமலாதேவி சட்டோபாத்யாய் மாகாண சட்டசபைக்குப் போட்டியிட்டு மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அந்தச் சபைக்குள் முதலில் நுழைந்த பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகவே வந்தார். வந்தபின் சபையின் துணைத் தலைவராகி, தேவதாசி முறைக்கு எதிராக அவர் செய்ததை நாடறியும். உள்ளே வந்த பெண் என்ன செய்வார் என்ற ஐயத்துக்கு அவரே அன்று பதிலளித்துவிட்டார்.

2023-இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம் எப்போது நடைமுறைக்கு வரும்?

முதல் மசோதா 1996-இல் தேவ கவுடா அரசில் வந்தது. பல முறை காலாவதியாகி, 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் மட்டும் நிறைவேறி, மக்களவைக்கு வராமலே போனது. 2023 செப்டம்பரில் மக்களவையில் 454-க்கு 2, மாநிலங்களவையில் 214-க்கு 0 என்ற வாக்குகளில் 106-ஆவது திருத்தம் நிறைவேறியது. மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு, பதினைந்து ஆண்டுகளுக்கு, என்பது அதன் சாரம். மாநிலங்களவைக்கும் சட்ட மேலவைகளுக்கும் அது பொருந்தாது.

நிறைவேறியபடி, சட்டத்துக்குப் பின் நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகி, அதன்படி தொகுதி மறுவரையறை முடிந்த பிறகே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும். கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாளாகக் குறிக்கப்பட்டுள்ளது. தொகுதி மறுவரையறை தென் மாநிலங்களின் இடங்களைக் குறைத்துவிடுமோ என்ற கவலை நியாயமானது; அது தனியாகப் பேசித் தீர்க்க வேண்டியது. பெண்களின் ஒதுக்கீட்டை அதோடு முடிச்சுப் போட்டதற்கு வலுவான காரணம் எதையும் நான் காணவில்லை. இப்போதுள்ள தொகுதிகளிலேயே, உள்ளாட்சியில் செய்வதுபோல், ஒதுக்க முடியும்.

தொகுதிகளை ஒதுக்குவதற்குப் பதிலாகக் கட்சிகள் நிறுத்தும் வேட்பாளர்களில் பங்கு வைத்தால் போதாதா?

அர்ஜென்டினா 1991-இல் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. கட்சிப் பட்டியலில் 30 விழுக்காடு பெண்கள், அதுவும் வெல்லக்கூடிய இடங்களில், இருக்க வேண்டும் என்றது சட்டம். சில ஆண்டுகளில் கீழவையில் பெண்களின் பங்கு கால் பங்கைத் தாண்டியது. பிரேசிலும் 30 விழுக்காடு வைத்தது, ஆனால் பட்டியலில் எந்த இடம் என்று சொல்லவில்லை. எண்ணிக்கைக்காகப் பெயர் கொடுத்த பெண்களை நிறுத்திவிட்டு, பிரசாரத்துக்குப் பணமும் தராமல் கட்சிகள் தப்பித்துக்கொண்டன. மெக்சிகோவில் 2009-இல் வென்ற சில பெண் உறுப்பினர்கள் பதவியேற்றதுமே விடுப்பு எழுதிக் கொடுத்து ஒதுங்க, மாற்று உறுப்பினர்களான ஆண்கள் அந்த இடங்களுக்கு வந்தார்கள். பெண் வேட்பாளரின் மாற்றும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று தேர்தல் நீதிமன்றம் 2011-இல் சொன்னது. 2014-இல் சம பங்கு அரசியலமைப்பில் ஏறியது. 2021-இல் கீழவையின் 500 இடங்களில் 250 பெண்கள் அமர்ந்தார்கள்.

நேபாளத்தின் பாடம் நமக்கு நெருக்கமானது. ஒரு கட்சி மேயர், துணை மேயர் இரண்டுக்கும் ஆள் நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. 2017-இல் கட்சிகள் பெண்களைத் துணை மேயராகவே நிறுத்தின. அப்பதவிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்கள் வந்தார்கள். 2022-இல் கட்சிகள் கூட்டணி அமைத்து ஆளுக்கொரு பதவிக்கு மட்டும் வேட்பாளரை நிறுத்தியதால் விதி பொருந்தாமல் போய், அந்த எண்ணிக்கை சரிந்தது. ஆனாலும் உள்ளூர் வழக்குகளை விசாரிக்கும் நீதிக் குழுவுக்குத் துணை மேயரே தலைவர் என்று அரசியலமைப்பு சொல்வதால், குடும்ப வன்முறைப் புகாரோடு வரும் பெண் இன்னொரு பெண்ணின் முன் உட்கார்ந்து பேசும் நிலை உருவானது.

இலங்கையும் 2016-இல் சட்டம் திருத்தி உள்ளூராட்சியில் 25 விழுக்காட்டை ஒதுக்கியது. 2018 தேர்தலுக்கு முன் அந்தச் சபைகளில் பெண்கள் ஏறத்தாழ 2 விழுக்காடே இருந்தார்கள் என்பதை நினைத்தால், அது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பது புரியும்.

இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் எல்லாம் பெண் பிரதமர்களைக் கண்ட நாடுகள் ஆயிற்றே?

1960-இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். அவரும் இந்திரா காந்தி, பேநசீர் பூட்டோ, காலிதா ஜியா, ஷேக் ஹசீனா ஆகியோரும் திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் ஐவருமே தந்தை அல்லது கணவர் தலைமை தாங்கிய அரசியல் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். அந்த வழி மற்றப் பெண்களுக்குத் திறக்கவில்லை.

ருவாண்டாவில் பெண்களே பெரும்பான்மை என்கிறார்களே? அதைப் பின்பற்றலாமா?

2008-இல் உலகிலேயே முதன்முறையாகப் பெண்கள் பெரும்பான்மையான நாடாளுமன்றம் ருவாண்டாவில் அமைந்தது. கீழவையின் 80 இடங்களில் 24 பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. 1994 இனப்படுகொலைக்குப் பின் நாட்டை மீட்டெடுத்ததில் பெண்களின் பங்கு பெரிது. எதிர்க்கட்சி இயங்க இடமில்லாத நாட்டில் அந்த உறுப்பினர்களால் ஆட்சியாளரை எதிர்த்து எவ்வளவு பேச முடியும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து மாதிரி என்று சொல்ல மாட்டேன்.

வங்கதேசத்தில் 300 பொது இடங்களோடு 50 மகளிர் இடங்கள் உண்டு. அவற்றை மக்கள் நேரடியாக நிரப்புவதில்லை, கட்சிகளின் பலத்துக்கேற்பப் பங்கிடப்படுகின்றன. தொகுதி மக்கள் என்று யாரும் இல்லாத உறுப்பினர் கட்சித் தலைமைக்கே கடமைப்பட்டவராகிறார். அங்கே கிராம அளவிலான யூனியன் பரிஷத்தில் 1997 முதல் பெண்களுக்கு மூன்று இடங்களில் நேரடித் தேர்தல் நடக்கிறது. பெண் உறுப்பினர் மூன்று வார்டுகளுக்குப் பொறுப்பு; அதே மூன்று வார்டுகளுக்கும் தனித்தனியாகப் பொது உறுப்பினர்களும் உண்டு. வாக்கு கேட்டு நடக்க வேண்டிய தூரம் மூன்று மடங்கு, அதிகாரத்தின் எல்லை தெளிவில்லை. ஒதுக்கீட்டை எப்படி வடிவமைக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

பதவிக்கு வரும் பெண்கள் மீதான வன்முறைக்குச் சட்டம் உண்டா?

பொலிவியாவில் உண்டு. உள்ளாட்சி உறுப்பினரான ஹுவானா கிஸ்பே, சபைக்குள் வரவிடாமல் தடுக்கப்பட்டும் பதவி விலக நெருக்கப்பட்டும் போராடி, 2012 மார்ச்சில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு மே மாதத்தில் அரசியலில் பெண்கள் மீதான வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான தனிச் சட்டம் நிறைவேறியது. கட்டாயப்படுத்திப் பதவி விலகல் கடிதம் வாங்குவது, கூட்ட அறிவிப்பை அனுப்பாமல் விடுவது போன்றவையும் அதில் குற்றங்கள். இந்தியாவில் இப்படித் தனிச் சட்டம் இல்லை.

உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைக்கும் பெண் முதலில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

தமிழ்நாட்டு ஊராட்சியை வைத்துச் சொல்கிறேன். வயது 21 ஆகியிருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டு தேர்தல்களும் கட்சிச் சின்னம் இல்லாதவை. எனவே கட்சியிடம் சீட் கேட்டு நிற்க வேண்டியதில்லை. 2019 தேர்தலில் டெபாசிட் தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில்தான் நிற்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொது வார்டிலும் பெண் நிற்கலாம்.

தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அங்கே போய் வரவு செலவு அறிக்கையைப் படித்துக் காட்டச் சொல்லலாம். கோரிக்கையைத் தீர்மானமாகப் பதியச் சொல்லலாம். பதிந்ததா என்று பதிவேட்டைப் பார்த்துவிட்டே கையெழுத்திடலாம். வென்றுவிட்டால், பதவியேற்கும் அன்றே வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் தம் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். எழுதப்படாத வெற்றுக் காசோலையிலும், தீர்மானம் எழுதப்படாத பக்கத்திலும், யார் எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும், கையெழுத்திடவே கூடாது.